பலூனில் மிச்சமிருந்த இடம்

படக்கதைப் பத்திரிகை நடத்தியவன் என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "அதை ஏன் சார் ஆரம்பிச்சீங்க?" என்றுதான். இதற்கு நான் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவரிடம் கலை ஆர்வம் என்றேன். இன்னொருவரிடம் சின்ன வயசு ஆசை என்றேன். இரண்டும் சுத்தப் பொய். என் மனைவி ஆரம்பிக்கச் சொன்னாள், ஆரம்பித்தேன். எதற்காகச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவே அரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. விளங்கிய பிறகும் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் தெற்கே கரிசல் பக்கத்துக்காரன். எழுபதுகளின் கடைசியில் ஓசூரில் தொழிற்சாலைகள் வரிசையாக முளைத்தபோது ஒன்றில் டிராயிங் செக்‌ஷனில் வேலை கிடைத்து வந்தேன். பல்சக்கரமும் போல்ட்டும் வரைந்து, பக்கத்தில் அளவுகளை எழுத வேண்டும். என் எழுத்து அச்சடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு. மற்றபடி ஓசூர் எனக்கு வந்த நாளிலிருந்தே குழப்பம்தான். பால்காரர் தெலுங்கு பேசுவார், காய்க்கார அம்மா கன்னடத்தில் விலை சொல்வார், இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டுத் தமிழுக்கு மாறுவார்கள். அந்தத் தமிழும் எனக்குப் பாதிதான் புரியும்.

கல்யாணமும் இந்தப் பக்கமே அமைந்தது. மனைவி குந்தாரப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். அப்பாவை நைனா என்று கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போனபோதே அந்த வீட்டில் ஒரு ஆள் குறைந்தது. அவளுடைய தம்பி. இருபது வயதுப் பையன், அதற்கு முந்திய வருடம் வீட்டை விட்டுப் போயிருந்தான்.

நடந்தது இதுதான். குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் விற்பதற்காக ஒரு கிடாரியை ஓட்டிப் போயிருக்கிறார்கள். நைனா தரகரோடு பேசிக்கொண்டிருக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி மறு கையில் படக்கதைப் புத்தகத்தைப் பிரித்திருக்கிறான். கயிறு எப்போது நழுவியது என்று அவனுக்கே தெரியவில்லை. கிடாரி நேராக நெடுஞ்சாலைக்குப் போய் லாரியில் அடிபட்டது. நைனா சந்தை ஜனம் மொத்தமும் பார்க்க அதே கயிற்றால் அவனை அடித்தார், புத்தகத்தைக் கிழித்து அவன் மூஞ்சியிலேயே எறிந்தார். அவன் வடக்கே போகிற லாரி ஒன்றில் ஏறிப் போனவன்தான். நான் அவனைப் பார்த்ததே இல்லை. வீட்டில் அவனுடைய போட்டோகூடக் கிடையாது.

"சோறு இல்லாம கூட இருந்துடுவான், படக்கதை இல்லாம இருக்க மாட்டான்" என்று மனைவி எப்போதாவது சொல்வாள். நான் உம் கொட்டுவேன். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், "உங்களுக்குத்தான் எழுத்து இவ்ளோ அழகா வருதே, நாமளே படக்கதைப் புஸ்தகம் போட்டா என்னாங்க?" என்றாள். என் எழுத்தைப் புகழ்ந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறு வாரமே பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

வெளிநாட்டுப் படக்கதைகளின் உரிமை வைத்திருந்த ஒருவர் அங்கே இருந்தார். வழவழப்பான தாளில் எடுத்த படங்களைக் கட்டாகக் கொடுப்பார். குதிரைக்காரர்கள், கப்பல்காரர்கள், விண்வெளிக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு பலூன் கிளம்பி, அதற்குள் இங்கிலீஷ் இருக்கும். அந்த இங்கிலீஷை வெள்ளை மையால் மறைத்துவிட்டு, காய்ந்ததும் அதன் மேல் தமிழில் எழுத வேண்டும். பெங்களூரிலேயே ஒரு அச்சகத்தில் அடித்து, மாதம் ஒன்றாகக் கடைகளுக்கு அனுப்புவோம். முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாயங்காலம் நான் மொழிபெயர்த்து வைப்பேன். பகலில் நான் தொழிற்சாலையில் இருக்கும்போது அவள் பலூன்களில் எழுதுவாள். நான்தான் எழுதக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அவள் எழுத்து என்னுடையது மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை. காற்றில் சாய்ந்த கேழ்வரகுக் கதிர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. எத்தனை சொல்லியும் திருந்தவில்லை.

இங்கேதான் என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயந்திரத்து இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. குதிரைக்காரன் பேசும் இங்கிலீஷ் அப்படி இல்லை. அவன் ஐந்து வரி பேசினால் நான்கு வரி எனக்குப் பிடிபடாது. பிடிபடாததை விட்டுவிட்டு, 'அப்படியா!' என்றோ 'விடாதே அவனை!' என்றோ எழுதி முடித்துவிடுவேன். பலூன் தோசைக்கல் அளவுக்கு இருக்கும், உள்ளே இரண்டு வார்த்தை அநாதையாக நிற்கும். முதல் இதழைப் பார்த்துவிட்டு அச்சகக்காரர், "என்ன சார், எழுத்து விழாம போச்சா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து சட்டம் போட்டேன். "இனிமே பலூன்ல வெள்ளை தெரியக் கூடாது."

"இம்மாம் எடத்துல என்னாத்த எழுதறது?" என்றாள்.

"என்னத்தையாவது எழுது. கதை கெடாம இருந்தாச் சரி."

என்னத்தையாவது எழுது என்று சொன்னவன் நான்தான். இதை மறுக்க எனக்கு வழியே இல்லை.

நாலைந்து இதழ் போனது. வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஓவியம் பிரமாதம், தாள் மட்டம் என்று வழக்கமானவை போக, சில கடிதங்கள் எனக்குத் தலையும் வாலும் புரியாதபடி இருந்தன. 'நிலாவில் இறங்கிய வீரர், கிணத்துல தண்ணி நாலு படி இறங்கிடுச்சு என்கிறாரே, நிலாவில் ஏது கிணறு?' என்று ஒருவர். 'துப்பாக்கிச் சண்டை நடுவில் செவலைப் பசு கன்னு போட்ட சேதியை ஷெரீப் ஏன் சொல்கிறார்?' என்று இன்னொருவர். நான் இதழ்களை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மைதான். கடலுக்கடியில் சுறாவோடு மல்லுக்கட்டுகிறவன், 'சின்னவளுக்குச் சூளகிரியில் மாப்பிள்ளை பார்த்திருக்கு' என்கிறான். என் பத்திரிகையை நானே படிக்காமல் இருந்திருக்கிறேன்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "என்ன இதெல்லாம்?" என்று அவள் முன்னால் புத்தகத்தைப் போட்டேன்.

"எடம் இருந்துச்சு, நெரப்பினேன்" என்றாள்.

"இடம் இருந்தா? ஊர் சிரிக்குது!"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அவன் எங்க இருந்தாலும் படக்கதை வாங்காம இருக்க மாட்டான். என் எழுத்து அவனுக்குத் தெரியும். ஊட்டு சேதி தெரிஞ்சா ஒரு நாளு வருவான். அதுக்குத்தான் புஸ்தகமே போடச் சொன்னேன். நீங்க என்னா நெனச்சிக்கினு இருந்தீங்க?"

எனக்காகத் தொடங்கியது என்று நினைத்திருந்தேன், என் எழுத்துக்காக. அது இல்லை என்றதும் முதலில் ஒரு பொறாமைதான் வந்தது. பார்க்காத மச்சான் மேல் பொறாமை. இப்படிப் பலூனுக்குள் செய்தி வைத்து ஓர் ஆளைத் தேடுவது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்றும் தீர்மானிக்க முடியவில்லை. அதை நிறுத்து என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. அவள் செய்துகொண்டே போனாள்.

மூன்று வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதைக் குதிரைக்காரன் சொன்னான். அவள் தங்கைக்குக் கல்யாணம் நடந்ததை ஒரு கழுகு மனிதன் பறந்தபடியே சொன்னான். 'நைனா இப்பல்லாம் சந்தைக்குப் போறதில்ல' என்று ஒரு விஞ்ஞானி மூன்று இதழில் திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பியிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் தொழிற்சாலையிலேயே பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. சம்பந்தமில்லாத வரிகளையெல்லாம் இதழ் வாரியாக அதில் எழுதியிருந்தார்கள். இது ஏதோ ரகசியப் போட்டி, விடை கண்டுபிடித்தால் பரிசு என்பது அவர்கள் முடிவு. நாலு படி இறங்கிய கிணற்றைத் தேடி அஞ்செட்டி வரைக்கும் பஸ்ஸில் போய், திரும்ப பஸ் இல்லாமல் ஒரு நாள் அங்கேயே கிடந்திருக்கிறார்கள். ஜவளகிரிக் காட்டு ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது வனக்காவலர் பிடித்து விசாரித்து அனுப்பியிருக்கிறார். போட்டி எதுவும் கிடையாது என்று அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போட்டேன். அதைப் பார்த்ததும் போட்டி இருக்கிறது என்று மற்றவர்களுக்கும் உறுதியாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு வந்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துப் போனவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள்.

இந்தக் கூத்து படம் கொடுக்கும் பெங்களூர்க்காரர் காதுக்குப் போய்விட்டது. அவரிடம் வேலை பார்த்த தமிழ்க் குமாஸ்தா ஒருவர் என் இதழ்களை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூலத்தில் இல்லாத வார்த்தை இனி ஒன்று வந்தாலும் படம் கிடையாது என்றார். குமாஸ்தா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்துவிட்டது. நான் ஒரு பதிப்பாளன், என் பெயர் அட்டையில் அச்சாகிறது, ஒரு வீட்டின் பசுமாட்டுச் சேதியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிகிறேனே என்று இருந்தது. வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

அந்தச் சமயத்தில்தான் நைனா படுக்கையில் விழுந்தார். கிருஷ்ணகிரியில் டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். முன்பும் இரண்டு தடவை இப்படிப் படுத்து எழுந்தவர்தான். ஆனால் இந்த முறை, அத்தனை வருடமாக வாயில் எடுக்காத மகன் பேரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். மனைவி ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் அந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். கப்பல் கதை. புயலில் தப்பித்த கப்பல்காரன் கடலைப் பார்த்து நிற்கிற பெரிய படம். அவன் பலூனில் இருந்த என் வார்த்தைகளை முழுதாக நீக்கிவிட்டு எழுதினாள். 'நைனா படுத்துட்டாரு. உன்னையே கேக்கறாரு. கோவிச்சுக்காம வா.'

பெங்களூர்க்காரரின் மிரட்டலை நான் அவளிடம் சொல்லவில்லை. பக்கங்களை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அங்கே மேஜையில் உட்கார்ந்து, அவர்களிடமே வெள்ளை மை வாங்கி, அந்த மூன்று வரியின் மேல் பூசினேன். காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு என் கையால், நிமிர்ந்த எழுத்தில், 'ஆஹா! புயல் ஓய்ந்தது! இனி நமக்குக் கவலை இல்லை!' என்று எழுதினேன். ஒரு மாதம்தானே, அடுத்த இதழில் எப்படியாவது வைத்துக்கொள்ளலாம், இத்தனை வருடம் வராதவன் இந்த மாதமா வந்துவிடப் போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தூக்கம்கூட வந்தது.

இதழ் கடைக்கு வந்த நாலாம் நாள் நைனா போய்விட்டார். கொள்ளி வைக்கச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார்கள். மனைவி காரியம் முடிகிற வரை குந்தாரப்பள்ளியிலேயே இருந்தாள். அந்த இதழை அவள் பிரித்தே பார்க்கவில்லை. நானும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அவள் ஓசூருக்குத் திரும்பிய வாரம் ஒரு கார்டு வந்தது. பேர் இல்லை, விலாசம் இல்லை. தபால் முத்திரை ஓசூர் என்று தெளிவாக விழுந்திருந்தது. உள்ளூர்க் கிணறு தேடும் கோஷ்டி ஏதோ எழுதியிருக்கிறது என்று நினைத்து, காப்பி குடித்துக்கொண்டே சத்தமாகப் படித்தேன். 'ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மாதம் தவறாமல் படிக்கிறேன். இந்த இதழில் சேதி ஒன்றும் இல்லை. எல்லாரும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.'

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கு உறைத்தது. மனைவி எழுந்து போய், கட்டுப் பிரிக்காமல் கிடந்த இதழ்களிலிருந்து ஒன்றை உருவினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நிமிர்ந்து நிற்கும் என் எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். நான் பெங்களூர்க்காரரைப் பற்றி என்னவோ உளறினேன். அந்தக் கார்டை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், உள்ளூர் முத்திரைதானே என்றும் சொன்னேன். அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது, "அடுத்த புஸ்தகத்துல பெரிய பலூன் எதுல இருக்குது?" என்றுதான்.

அடுத்தது சிரிப்புக் கதை. தொந்தி போலீஸ்காரர் ஒரு திருடனைத் துரத்திக்கொண்டே போவார், கடைசியில் சாக்கடையில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தப் படத்தில்தான் பெரிய பலூன் இருந்தது. வேறு எங்கும் இடம் இல்லை.

"இதுலயா?" என்றேன். "படிக்கிறவன் சிரிப்பானே."

"சிரிக்கட்டும். நீங்களே எழுதுங்க" என்று பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

பல்சக்கரத்துக்கு அளவு எழுதிய கைக்கு அன்றைக்கு ஒரு வரி நேராக வரவில்லை. மூன்று தடவை வெள்ளை பூசி மூன்று தடவை எழுதினேன். 'நைனா போயிட்டாரு. உன் பேரைச் சொல்லிக்கினேதான் போனாரு.' படம் நின்றுபோனாலும் போகட்டும் என்று அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். அந்த இதழுக்கு வந்த மாதிரி பாராட்டு எந்த இதழுக்கும் வந்ததில்லை. சாக்கடையில் விழுந்த போலீஸ்காரர் இப்படி ஒரு வசனம் பேசுகிறாரே, விழுந்து விழுந்து சிரித்தோம் என்று கத்தை கத்தையாகக் கடிதம். ஒவ்வொன்றையும் நான் படித்தேன். எனக்கு அது தண்டனையா என்று கேட்டால், ஆமாம்.

அந்த இதழ் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றார். கிரானைட் தூசி படிந்த செருப்பு, கையில் சுருட்டிப் பிடித்த எங்கள் இதழ். தலை மொட்டை. திருப்பதி போய்விட்டு வந்த வாசகர் என்று நினைத்தேன். என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "போட்டி எதுவும் கிடையாது தம்பி. கிணறு பின்னாடி இருக்கு, பார்த்துட்டுப் போகலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாவா" என்றார். அக்கா வீட்டுக்காரரைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். அப்புறம் இருவரும் தெலுங்கில் பேசியதும் அழுததும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கிய வரை சொல்கிறேன். கர்நாடக எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல், அங்கே கல் பாலிஷ் போடும் இடத்தில் இத்தனை வருடமும் வேலை பார்த்திருக்கிறான். அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைக்காது என்பதால் மாதா மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கியிருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷ நடை. நைனா கூப்பிட்டால் மட்டும் போவது என்று ஒரு வைராக்கியம், அதனால் வீட்டுச் சேதியைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவானாம். மொட்டை போட்டுக்கொண்டது, சிரிக்கிற போலீஸ்காரரின் பலூனைப் படித்த அன்றைக்கு.

முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று அவன் தமிழில் கேட்டான்.

"அதுக்கு முந்தின புஸ்தகத்துல, கடைசிப் பக்கம், கப்பல்காரன் பலூன். அது அக்கா எழுத்து இல்ல பாவா. நேரா நின்னுக்கினு இருந்துச்சு. ஒரு மாதிரி இருந்துச்சுன்னுதான் மறுபடி ஓசூரு வந்து கார்டு போட்டேன். மொதல்ல அதுல என்னா எழுதியிருந்துச்சு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், மூன்று வரியையும். அவன் எந்தத் தேதியில் நைனா போனார் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

அவன் விரல் விட்டு எண்ணினான். "கடைக்கு வந்த அன்னிக்கே வாங்கிட்டேன் பாவா" என்றான். "பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினே படிச்சிட்டேன்."

அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு. எல்லா பஸ்ஸும் குந்தாரப்பள்ளியில் நிற்கும்.